காது சொல்லும் பொய்

1978, ஜனவரி முதல் தேதி. இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. பம்பாய், ஸாந்தாக்ரூஸ் விமான நிலையம். (மும்பை என்று பெயர் மாற இன்னும் பதினேழு வருஷங்கள் இருக்கின்றன!)

ஓடுபாதையின் முனையில் ஒரு ஜம்போ ஜெட். பெயர், 'எம்பரர் அசோகா'. ஏர் இந்தியாவுக்கு முதன்முதலாக வந்து சேர்ந்த போயிங் 747 இதுதான். 1971-ல் வந்தபோது ஊரே திரண்டு வேடிக்கை பார்த்த செல்லப் பிள்ளை. அன்றைக்கு ஒரு பறவை மோதி, இறக்கையில் ரிப்பேர் வேலை நடந்ததால் துபாய் கிளம்பத் தாமதமாகிவிட்டது. உள்ளே 190 பயணிகள், 23 ஊழியர்கள். காப்டன், கிட்டத்தட்ட 18,000 மணி நேரம் வானத்தில் கழித்தவர். கற்றுக்குட்டி அல்ல.

விமானம் கிளம்பியது. நகரத்து விளக்குகள் சட்டென்று பின்னால் போக, எதிரே அரபிக் கடல். மேலே இருட்டு, கீழே இருட்டு. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல ஒரு கோடுகூடக் கிடையாது. திட்டப்படி விமானம் லேசாக வலப்பக்கம் சாய்ந்து திரும்பியது. பிறகு நிமிர்ந்தது.

ஆனால், காப்டனுக்கு எதிரே இருந்த ஒரு கருவி மட்டும் நிமிரவில்லை. விமானம் இன்னும் வலப்பக்கமே சாய்ந்திருப்பதாக அது காட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். 'அதென்ன ஸார்... தான் நேராக உட்கார்ந்திருக்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்பது ஒரு மனுஷனுக்குத் தெரியாதா? அதற்குக் கருவி வேறு வேண்டுமா?'

தெரியாது! வேண்டும்!

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். கையை விரித்துக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றி, சடாரென்று நின்றால்... நீங்கள் நின்றுவிட்டீர்கள், உலகம் நிற்காது. காரணம், உங்கள் காது. காதுக்குள்ளே, கேட்பதற்கு சம்பந்தமே இல்லாத மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் திரவம். தலை திரும்பும்போது குழாய் நகர்கிறது, திரவம் பின்தங்குகிறது. அங்கே இருக்கும் நுண்ணிய ரோமங்கள் வளைந்து, 'திரும்புகிறோம்' என்று மூளைக்குத் தந்தி அடிக்கின்றன. சுற்றிக்கொண்டே இருந்தால் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும். ரோமங்கள் நிமிர்ந்துவிடும். தந்தி நின்றுவிடும். நிறுத்தினாலோ, திரவம் மட்டும் தொடர்ந்து ஓடி, எதிர்ப்பக்கம் சுற்றுவதாகப் பொய்த் தந்தி அடிக்கும். அதோடு, ரொம்ப மெதுவாகத் திரும்பினால் அந்த ரோமங்களுக்கு எதுவுமே தெரியாது. தரையில் நடமாடுகிறவனுக்காக அமைந்த ஏற்பாடு. மேகத்துக்குள் பறப்பவனுக்காக அல்ல!

'காது போகட்டும், உடம்புக்குத் தெரியாதா?' என்றால், அதுவும் ஏமாறும். அமெரிக்காவில் பாப் ஹூவர் என்று ஒரு சாகஸ விமானி இருந்தார். விமானத்தை அப்படியே தலைகீழாக உருட்டிக்கொண்டே, ஒரு கையால் டம்ளரில் ஐஸ் டீ ஊற்றிக் காட்டுவார். ஒரு சொட்டு சிந்தாது! அடுத்த முறை நீங்கள் விமானத்தில் போகும்போது கவனியுங்கள். ஜன்னலுக்கு வெளியே பூமி செங்குத்தாக எழுந்து நிற்பதுபோல இருக்கும். உங்கள் கையிலிருக்கும் காபி மட்டும் சமர்த்தாகக் கப்புக்குள்ளேயே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டால் விமானம் திரும்புவதே தெரியாது. நான் பலமுறை செய்து பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

விமானிக்கு இது எப்படி எமனாகிறது என்று பாருங்கள். மேகத்துக்குள் நுழைந்ததும் விமானம் மெள்ள இடப்பக்கம் சாய்கிறது. காது சும்மா இருக்கிறது. சாய்ந்த விமானம் வளைந்துகொண்டே மூக்கைத் தாழ்த்தும். உயரம் குறைகிறது, வேகம் கூடுகிறது. விமானி பார்க்கிறார். 'நேராகத்தானே போகிறோம், ஏன் இறங்குகிறோம்?' என்று மூக்கை மேலே தூக்க விசையை இழுக்கிறார். சாய்ந்த விமானத்தில் அப்படி இழுத்தால் அது மேலே ஏறாது. இன்னும் இறுக்கமாகச் சுழலும்! இழுக்க இழுக்கச் சுழல், சுழலச் சுழல இறக்கம். விமானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கல்லறைச் சுழல்'.

1954-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து ஓட்டச் சொன்னார்கள். இருபது பேரும் விமானத்தைக் கோட்டை விட்டார்கள். அதற்கு ஆன சராசரி நேரம், 178 விநாடிகள். மூன்று நிமிஷம்கூட இல்லை! 1999 ஜூலையில், ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர் தன் சின்ன விமானத்தில் மனைவியோடும் மனைவியின் அக்காவோடும் இரவில் கடல்மேல் பறந்து போய் விழுந்தது இப்படித்தான். விமானத்தில் கோளாறே இல்லை. புகை மூட்டம் மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான்.

காது பொய் சொல்கிறது என்பதைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. வில்லியம் ஆக்கர் என்று ஓர் அமெரிக்க ராணுவ விமானி. 1926-ல், ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். டேவிட் மையர்ஸ் என்கிற டாக்டர் அவரை ஒரு சுழல் நாற்காலியில் கண்ணைக் கட்டி உட்காரவைத்துச் சுற்றினார். (அந்த நாற்காலியை உருவாக்கியவர் ராபர்ட் பாரனி. காதின் இந்த ரகசியத்தை ஆராய்ந்ததற்காக 1914-ம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது மனுஷர் ரஷ்யாவில் போர்க் கைதி!)

'எந்தப் பக்கம் சுற்றுகிறீர்கள்?' என்று கேட்டார் டாக்டர். ஆக்கர் தப்பாகச் சொன்னார். நிறுத்திவிட்டுக் கேட்டார். 'எதிர்ப்பக்கம் சுற்றுகிறேன்' என்றார்! பல வருஷம் விமானம் ஓட்டியவருக்கு எப்படி இருந்திருக்கும்? ரோஷம் வந்துவிட்டது. போனவர், ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார். உள்ளே ஒரு டார்ச் வெளிச்சமும், விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் ஒரு கருவியும். முகத்தைப் பெட்டிக்குள் புதைத்துக்கொண்டு, 'இப்போது சுற்றுங்கள் டாக்டர்!' என்றார். ஒவ்வொரு முறையும் சரியான விடை!

அந்த நொடியில் ஆக்கருக்கு ஒன்று புரிந்தது. தேர்ந்த விமானி என்றால் உடம்பால் விமானத்தை 'உணர்வான்' என்று அதுவரை எல்லோரும் மீசை முறுக்கிக்கொண்டிருந்தார்களே, அது சுத்த அபத்தம். மேகத்துக்குள் உடம்பை நம்புகிறவன் செத்தான். கருவியை நம்புகிறவன் பிழைப்பான்.

சொன்னால் யார் கேட்டார்கள்? 'இந்த ஆளுக்கு மறை கழன்றுவிட்டது' என்றுதான் மேலதிகாரிகளில் பலர் நினைத்தார்கள். ஆக்கரும், கார்ல் க்ரேன் என்கிற இன்னோர் அதிகாரியும் புறாக்களின் கண்ணைக்கூடக் கட்டி விமானத்திலிருந்து பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அவற்றாலும் பறக்க முடியவில்லை. சிறகை விரித்தபடி அப்படியே கீழே இறங்கின! பறவைக்கே முடியவில்லை, நாம் எம்மாத்திரம்? 1930 ஜூனில், காக்பிட்டை முழுசாக மூடிக்கொண்டு, டெக்ஸாஸிலிருந்து இலினாய் வரை கிட்டத்தட்ட 900 மைல் கருவிகளை மட்டுமே பார்த்துப் பறந்து காட்டினார் ஆக்கர். பிறகுதான் வாய்கள் மூடின.

அந்தக் கருவிகளின் உள்ளே இருப்பது என்ன? பம்பரம்! வேகமாகச் சுற்றும் பம்பரத்தை நீங்கள் எப்படிச் சாய்த்தாலும் அது தன் நிலையை விடாது. இந்தப் பிடிவாதத்தை விமானத்துக்குள் கொண்டுவந்தது ஸ்பெர்ரி குடும்பம். 1914-ல் பாரிஸ் அருகே, மகன் லாரன்ஸ் ஸ்பெர்ரி தன் விமானத்தில் கைகளைத் தூக்கிக்கொண்டு உட்கார, மெக்கானிக் இறக்கை மேல் நடந்து போக, விமானம் தானாகவே ஆடாமல் அசையாமல் பறந்தபோது கீழே கூட்டம் மூர்ச்சை போடாத குறை. அதே லாரன்ஸ், 1923 டிசம்பரில் இங்கிலீஷ் கால்வாயைப் பனிமூட்டத்தில் கடக்கக் கிளம்பினார். உடல்தான் கிடைத்தது. வயது 30.

அடுத்த கட்டம், பார்க்காமல் பறந்தால் மட்டும் போதாது, பார்க்காமல் இறங்க வேண்டுமே! அதைச் செய்தவர் ஜிம்மி டூலிட்டில். (1942-ல் டோக்கியோ மேல் குண்டு போட்ட படைக்குத் தலைமை தாங்கிப் பிறகு பெரும்புகழ் அடைந்தாரே, அவரேதான்.) துணிச்சல்காரர் மட்டுமல்ல, எம்.ஐ.டி-யில் டாக்டர் பட்டம் வாங்கிய படிப்பாளியும்கூட. 1929, செப்டம்பர் 24. நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்ட். பின் இருக்கையில் டூலிட்டில், தலைக்கு மேல் மூடி. முன் இருக்கையில் பென் கெல்ஸி, ஆபத்து வந்தால் மட்டும் தலையிட. பார்ப்பவர்கள் சந்தேகப்படக் கூடாதே என்று கெல்ஸி தன் கைகளை வெளியே தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார்!

டூலிட்டில் முன்னால் இருந்தவை, ஸ்பெர்ரியின் 'செயற்கைத் தொடுவானம்', திசை காட்டும் இன்னொரு பம்பரம், பால் கால்ஸ்மன் செய்த நுட்பமான உயரமானி, தரையிலிருந்து வரும் ரேடியோ அலைகளுக்கு ஏற்ப அதிரும் இரண்டு சிறு தகடுகள். சுமார் கால் மணி நேரம். ஏறி, சுற்றி, இறங்கினார். வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கியது அத்தனை நாசூக்காக இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அதனால் என்ன?

அந்தத் தகடுகளின் பேரப்பிள்ளைதான் இன்று உலகம் முழுக்க இருக்கும் ஐ.எல்.எஸ். ஓடுபாதையிலிருந்து இரண்டு ரேடியோக் கற்றைகள் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒன்றின் சுருதி 90, இன்னொன்றின் சுருதி 150. இரண்டும் சமமாகக் கேட்டால் நீங்கள் நடுக்கோட்டில் இருக்கிறீர்கள். ஒன்று ஓங்கினால் ஓரம் போய்விட்டீர்கள். இதேபோல மேலும் கீழுமாக இன்னொரு ஜோடி. ஓடுபாதையை நோக்கி மூன்று டிகிரி சரிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சறுக்கு மரம்! 1938 ஜனவரியில், பனிப்புயலில் பிட்ஸ்பர்க் வந்த ஒரு பயணி விமானம் முதன்முதலாக இதைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. 1965-ல் லண்டனில் ட்ரைடன்ட் விமானம் ஒன்று பயணிகளோடு தானாகவே தரை தொட்டது.

ஆனால், சறுக்கு மரம் உதவ வேண்டுமென்றால் விமானம் நேராக இருக்க வேண்டும். சாதாரணமாக, சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு வந்ததும் விமானி நிமிர்ந்து வெளியே பார்ப்பார். ஓடுபாதை விளக்குகள் தெரியவில்லையா, முழு வேகம் கொடுத்து மேலே ஏறிவிட வேண்டும். அங்கேதான் காது மறுபடி குழி பறிக்கிறது. திடீர் வேகம் முதுகை ஸீட்டோடு அழுத்தும்போது, மூக்கு வானத்தைப் பார்த்து எழும்புவதாக ஒரு பிரமை. 'ஐயோ, அதிகம் தூக்கிவிட்டோமே' என்று மூக்கை அமுக்கத் தோன்றும். 2000 ஆகஸ்ட் 23, பஹ்ரைன். இறங்காமல் மேலே ஏறிய கல்ஃப் ஏர் ஏர்பஸ், இருட்டில் கடலுக்குள் பாய்ந்தது. 143 பேர்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. நம் ஊர் விமானங்களில் இருக்கும் மேற்கத்திய செயற்கைத் தொடுவானத்தில், மேலே நீலம், கீழே பழுப்பு. நடுவே ஒரு குட்டி விமானம் அசையாமல் இருக்கும், தொடுவானக் கோடு சாயும். சோவியத் கருவிகளில் பலவும் நேர் எதிர். கோடு சாயாது, குட்டி விமானம் சாயும்! 2008 செப்டம்பர் 14 அன்று, ரஷ்யாவின் பெர்ம் நகரில் இரவில், மேகத்தினூடே இறங்க வந்துகொண்டிருந்தது ஒரு போயிங் 737. காப்டன், வருஷக்கணக்காக சோவியத் விமானங்களை ஓட்டிப் பழகியவர். விமானம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்த்த வேண்டியவர், மேலும் இடப்பக்கமே திருப்பினார்! புரண்டு விழுந்து 88 பேரும் மாண்டார்கள். பயிற்சிக் குறைவு, அவர் உடலில் இருந்த ஆல்கஹால் என்று விசாரணை அறிக்கையில் நிறையக் காரணங்கள். கருவிகளின் இந்த முரண்பாடும் அதில் இருந்தது.

கருவிகள் மூன்றும் சரியாகவே காட்டி, விமானிகள் நம்பாமல் போனால்? அதுவும் நடந்திருக்கிறது. 1985 பிப்ரவரி 19. தைபேயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போய்க்கொண்டிருந்த சைனா ஏர்லைன்ஸ் ஜம்போ. 41,000 அடியில் ஓர் எஞ்ஜின் சுணங்கியது. தானியங்கியை விடுவித்ததும் விமானம் மேகத்துக்குள் புரண்டு தலைகுப்புற விழ ஆரம்பித்தது. காப்டன் கருவியைப் பார்த்தார். அதில் தெரிந்த சாய்வு நம்பவே முடியாததாக இருந்தது. 'ஜம்போ ஜெட்டாவது, இப்படிக் கவிழ்வதாவது... கருவி கெட்டுப்போச்சு!' என்று முடிவு கட்டிவிட்டார். மூன்றுமா ஒரே நேரத்தில் கெடும்? அந்தக் கேள்விக்கு அவகாசம் இல்லை. 30,000 அடி, இரண்டரை நிமிஷத்துக்குள்! 11,000 அடியில் மேகம் விலகி நிஜத் தொடுவானம் கண்ணில் பட்டது. நிமிர்த்திவிட்டார். வால் பகுதி பிய்ந்து, இறக்கைகள் இரண்டு மூன்று அங்குலம் நிரந்தரமாக மேலே வளைந்துபோன நிலையில், ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் இறங்கினார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். பகல் வேளை என்பதால் தப்பினார்கள்.

பம்பாயில் அன்றைக்கு இரவு.

காப்டன் தன் கருவி வலப்பக்கச் சாய்வைக் காட்டியதும், அரை நூற்றாண்டாக விமானிகளுக்குப் போதிக்கப்பட்டதையே செய்தார். கருவியை நம்பினார். நிமிர்த்துவதற்காக இடப்பக்கம் திருப்பினார். ஏற்கெனவே நேராக இருந்த விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. கருவியோ அசையவில்லை. இன்னும் திருப்பினார். தன் கருவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவும் செய்தார். துணை விமானி, தன்னுடையதும் கவிழ்ந்துவிட்டதாகச் சொன்னார். அதுதான் விபரீதம். அவருடைய கருவி உண்மையையே காட்டிக்கொண்டிருந்தது! விமானம் அந்த அளவுக்குச் சாய்ந்திருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நடுவே மூன்றாவதாக ஓர் உபரிக் கருவி இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் எஞ்ஜினியர்தான் கண்டுபிடித்தார். 'அதைப் பார்க்காதீர்கள்' என்று காப்டனின் கருவியைக் குறித்து அவர் எச்சரித்தது ஒலிப்பதிவில் இருக்கிறது. அப்போது சில விநாடிகளே மிச்சம். 108 டிகிரி வரை இடப்பக்கம் புரண்ட அசோகா சக்கரவர்த்தி, கிளம்பிய 101-வது விநாடி பாந்த்ராவுக்கு நேரே, கரையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

முதலில் வெடிகுண்டு என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. கடலுக்கடியிலிருந்து பெட்டிகளை எடுத்துக் கேட்ட பிறகே விஷயம் தெரிந்தது. இறந்தவர்களின் குடும்பத்தினர் சிலர், விமானத்தையும் கருவியையும் தயாரித்த கம்பெனிகள் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 1985-ல் தீர்ப்பு வந்தது. தயாரித்தவர்கள் பொறுப்பல்ல!

என்னைக் கேட்டால், காப்டனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 'உன் உடம்பை நம்பாதே, கருவியை நம்பு' என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஒரு தலைமுறைக்கு, 'எந்தக் கருவியை?' என்ற கேள்வியை 101 விநாடிகளுக்குள் கேட்கப் பழக்கியிருக்க வேண்டும். இப்போது பழக்குகிறார்கள். பயிற்சியில் இளம் விமானியைத் தலை குனிந்து கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார் ஆசிரியர். விமானத்தைக் கன்னாபின்னாவென்று சாய்த்து, 'இப்போது ஓட்டு' என்பார். கண் திறந்தவன் விசையைத் தொடும் முன் மூன்று தொடுவானங்களையும் ஒப்பிட வேண்டும். பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வாய்விட்டு என்பது முக்கியம். 1999 டிசம்பர் 22, லண்டன் அருகே ஸ்டான்ஸ்டெட். கொரியன் ஏர் சரக்கு ஜம்போ. தாஷ்கண்டிலிருந்து அதை ஓட்டி வந்த குழுவே, காப்டனின் தொடுவானம் சாய்வைச் சரியாகக் காட்டவில்லை என்று கண்டுபிடித்து, பத்திரமாக இறங்கி, குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தது. ரிப்பேர் செய்தவர்கள் வேறு எதையோ சரி செய்தார்கள். இருட்டில் புதிய குழுவோடு கிளம்பியது விமானம். காப்டன் இடப்பக்கம் திருப்பினார். கருவி அசையவில்லை. மேலும் திருப்பினார். 'இரண்டும் ஒத்துப்போகவில்லை' என்று எச்சரிக்கை மணி திரும்பத் திரும்ப அடித்தது. ஃப்ளைட் எஞ்ஜினியர், 'சாய்கிறது, சாய்கிறது' என்று சொல்லிப் பார்த்தார். துணை விமானியின் கருவி சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. அவர் வயதில் மிகவும் இளையவர். காப்டன், கிளம்பும் முன்பே அவரைக் கடிந்துகொண்டிருந்தார்.

55 விநாடிகள். துணை விமானி ஒரு வார்த்தை பேசவில்லை.